வெளுத்த பாசியைப் படிக்கத் தெரிந்தால் வேலை உண்டு

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். பயோடெக் முடித்தவர், மைக்ரோபயாலஜி முடித்தவர், பாட்டனியில் எம்.எஸ்சி. வாங்கியவர் என்று ஒரு பட்டாளமே ஐடி கார்டோடு நிற்கும். அதில் நிறைய பேர் போவது மெடிக்கல் கோடிங்குக்கு, கால் சென்டருக்கு, அல்லது ஒரகடம் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியின் க்யூ.சி. டேபிளுக்கு. படித்தது ஒன்று, பார்ப்பது ஒன்று. தப்பில்லை. வாடகை கட்ட வேண்டும், பைக் இ.எம்.ஐ. போக வேண்டும். ஆனால் எல்லாரும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு வாசல் கிட்டத்தட்ட காலியாகக் கிடக்கிறது. அது கடல்பாசி வாசல். இன்னும் குறிப்பாகச் சொன்னால், வளர்க்கும் கடல்பாசிக்கு வரும் நோய்.

சிரிக்காதீர்கள். பணம் எங்கே போகிறதோ அங்கே வேலை பின்னாலேயே வரும். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கடல்பாசிக்கு மட்டும் 640 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127.71 கோடி ரூபாய் மதிப்பில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையத்தை, அதாவது சி.எம்.எஃப்.ஆர்.ஐ.யின் மையத்தை, கடல்பாசிக்கான சிறப்பு மையமாக அறிவித்துவிட்டார்கள். பாசியை எப்படிக் கட்டுவது, எப்படி வளர்ப்பது என்று சொல்லிக்கொடுக்க இன்று ஆள் இருக்கிறது. பாசி ஏன் செத்தது, எத்தனை ரூபாய் போச்சு, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் குறைவு. அந்த இடத்தைப் பிடிப்பது எப்படி என்று பார்ப்போம்.

1. முதலில் இந்தத் தொழிலின் பழைய காயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்டர்வியூவுக்குப் போகும் கம்பெனியின் வரலாற்றைப் படித்துவிட்டுப் போவீர்கள் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். நம் கடலில் பெரிய அளவில் வளர்ப்பது கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசி. ஐஸ்கிரீம், பற்பசை, சாக்லேட் பால் என்று பலதிலும் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் கராஜீனன் இதிலிருந்து வருகிறது. பயிருக்குத் தெளிக்கும் திரவ ஊக்கியும் இதிலிருந்து எடுக்கிறார்கள். இது நம் ஊர்ப் பாசி இல்லை. பிலிப்பைன்ஸ் வம்சம். ஜப்பான் வழியாக 1984-ல் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம், சி.எஸ்.எம்.சி.ஆர்.ஐ., கொண்டுவந்தது. 2000 வாக்கில் பெப்சிகோ ஒப்பந்த முறையில் மண்டபம் பக்கம் இறங்கியது. அதனால் அங்கே இதற்கு 'பெப்சி பாசி' என்றே பேர் விழுந்தது. பிறகு அந்த வேலை அக்வாக்ரி நிறுவனத்தின் கைக்குப் போனது.

2001-ல் காய்ந்த பாசி 21 டன். 2013-ல் சுமார் 1,490 டன். பன்னிரண்டு வருடத்தில் எழுபது மடங்கு. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வங்கிக் கடன் வாங்கிப் பாசி வளர்க்க மூங்கில் மிதவை கட்டினார்கள்.

அதன் பிறகு பாசி கொத்துக் கொத்தாக மடிந்தது. கடல் சூடானது, பாசி வெளுத்தது, விதைக்குக்கூட, அதாவது அடுத்த சுற்றுக்குக் கட்டும் துண்டுக்குக்கூட, பாசி இல்லாமல் போனது. உற்பத்தி சரிந்தது. மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா இரண்டிலும் 'ஐஸ்-ஐஸ்' நோய் தென்பட்டதாக ஆய்வுக் கட்டுரையும் வந்தது. இந்தத் துறையில் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும் எந்த மேனேஜரிடமும் '2013' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். அந்த முகத்தைப் புரிந்துகொண்டு பேசும் கேண்டிடேட்டுக்கும், கூகிளில் 'சீவீட்' என்று தட்டிவிட்டு வந்த கேண்டிடேட்டுக்கும் வித்தியாசம் முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

2. நோயைக் கண்ணால் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

ஐஸ்-ஐஸ் என்ற பெயரை வைத்தவர்கள் பிலிப்பைன்ஸ் பாசிக்காரர்கள். 1970-களிலேயே அங்கே இதைப் பார்த்துவிட்டார்கள். பாசியின் பளபளப்பு முதலில் போகும். பிறகு தண்டில் ஒரு துண்டு மட்டும் வெளிறி ஐஸ் கட்டிபோல வெள்ளையாகும், மெத்தென்று ஆகும், அந்த இடத்தில் ஒடிந்து மீதி கடலோடு போய்விடும். மூல காரணம் கிருமி மட்டும் இல்லை என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 33, 35 டிகிரியைத் தொட்டால், அல்லது மழையில் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 20-க்குக் கீழே விழுந்தால், அல்லது வெளிச்சம் போதாமல் போனால் பாசி தளர்ந்துபோகிறது. தளர்ந்த பாசியின் மேல் விப்ரியோ மாதிரி பாக்டீரியாக்கள் ஏறி வேலையை முடிக்கின்றன. உடம்பு இளைத்தவனுக்குத்தான் சளி முதலில் பிடிக்கும் என்று நம் வீட்டில் சொல்வார்களே, அதே கதை.

வெளுத்ததெல்லாம் ஐஸ்-ஐஸ் இல்லை, குறைந்ததெல்லாம் நோயும் இல்லை. நுனி மட்டும் கடித்ததுபோல மொட்டையாக இருந்து, தண்டு நிறம் மாறாமல் இருந்தால், அது ஓரா மீனின் வேலை. தண்டின் மேல் கறுப்புப் புள்ளி புள்ளியாகத் தோன்றி, புல்லரித்த தோல்போல மேடிட்டு, அதிலிருந்து மயிரிழை முளைத்தால் அது ஒட்டுப்பாசி. ஒட்டுப்பாசி துளைத்த காயத்தின் வழியாகவும் பாக்டீரியா உள்ளே போகும். எனவே ஒட்டுப்பாசியும் ஐஸ்-ஐஸும் ஒரே மிதவையில் சேர்ந்தே இருக்கலாம். மேலே சேறு படிந்து மங்கியிருந்தால் தண்ணீரில் நன்றாக உலுக்கினாலே தெளிந்துவிடும். இந்த நான்கையும் போட்டோ பார்த்துப் பிரிக்கத் தெரிந்தால் போதாது. கையில் எடுத்து, அழுத்திப் பார்த்து, முகர்ந்து பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். தப்பாகச் சொன்னால் என்ன ஆகும்? மீன் கடிக்கு வலை கட்ட வேண்டிய இடத்தில் மொத்த மிதவையையும் அறுக்கச் சொல்வீர்கள். அடுத்த முறை உங்களை யாரும் படகில் ஏற்ற மாட்டார்கள்.

3. ரூபாயில் பேசுங்கள். இதுதான் உங்கள் விலை.

நந்திவரத்தில் ஜூனியர் பிள்ளைகளுக்கு நான் மாக் இன்டர்வியூ எடுப்பதுண்டு. ஒரு பையன் விப்ரியோ, ஆல்டெரோமோனாஸ் என்று பாக்டீரியா பெயர்களை மளமளவென்று ஒப்பித்தான். "சரி தம்பி, ஒரு மிதவையில் முப்பது சதவீதம் பாசி போச்சுன்னா அந்த அம்மாவுக்கு எவ்வளவு நஷ்டம்?" என்று கேட்டேன். "முப்பது சதவீதம் சார்" என்றான். அங்கேதான் அவுட்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வழக்கமான மூங்கில் மிதவை 12 அடிக்கு 12 அடி. இருபது கயிறு, கயிற்றுக்கு இருபது துண்டு, துண்டு 150 கிராம். ஆக விதை 60 கிலோ. 45 நாளில் அறுவடை சராசரி 260 கிலோ. அதில் அடுத்த சுற்றுக்கு 60 கிலோ எடுத்து வைத்தாக வேண்டும். விற்க மிஞ்சுவது 200 கிலோ. காயவைத்தால் பத்தில் ஒரு பங்கு, 20 கிலோ.

இப்போது முப்பது சதவீதம் வெளுத்துப் போகட்டும். 260 கிலோ 182 ஆகும். விதை 60 கிலோ குறையாது, அது அப்படியே வேண்டும். விற்க மிஞ்சுவது 122. அதாவது 200-லிருந்து 122. பாசி போனது 30 சதவீதம், வருமானம் போனது 39 சதவீதம். பாதிப் பாசி போனால்? 130-ல் 60 போக 70. வருமானத்தில் 65 சதவீதம் காலி. முக்கால் பங்குக்குச் சற்று மேல் போனால் அடுத்த சுற்றுக்கு விதையே போதாது. காசு கொடுத்து வாங்க வேண்டும், அல்லது சும்மா உட்கார வேண்டும். 2013-க்குப் பிறகு பலருக்கு நடந்தது இதுதான்.

ஒரு ஆள் 45 மிதவை பார்ப்பது அங்கே வழக்கம், நாளுக்கு ஒன்று என்று சுழற்சியில் அறுக்கலாம் என்பதற்காக. காய்ந்த பாசி கிலோ 60 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நல்ல சுற்றில் 900 கிலோ, 54,000 ரூபாய். எல்லா மிதவையிலும் முப்பது சதவீதம் அடி விழுந்தால் 549 கிலோ, 32,940 ரூபாய். 45 நாளில் 21,060 ரூபாய் பள்ளம். இதில் இன்னொரு நஷ்டம் ஒளிந்திருக்கிறது. வெளுத்த பாசியில் கராஜீனன் அளவும் குறையும், ஜெல்லின் உறுதியும் குறையும். வாங்குகிறவர் விலையில் கை வைப்பார்.

இந்தக் கணக்கை எக்செல்லில் ஒரே ஒரு ஷீட்டாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். விதை எடை, நாள், சேத சதவீதம், விலை என்று நாலு கட்டம். நம்பரை மாற்றினால் நஷ்டம் மாற வேண்டும். இன்டர்வியூவில் லேப்டாப்பைத் திறந்து இதைக் காட்டுகிற பிரெஷரை நான் இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் முதல் ஆளாக இருங்கள்.

4. முடிவு எடுக்கத் தெரிந்தவர் என்று பேர் வாங்குங்கள்.

சம்பளம் ஏறுவது தகவல் சொல்வதற்காக இல்லை, முடிவு சொல்வதற்காக. ஒரு உதாரணம். முப்பதாவது நாள், ஏப்ரல் கடைசி, தண்ணீர் கொதிக்கிறது, ஓரத்து மிதவைகளில் வெளுப்பு தொடங்கிவிட்டது. அறுப்பதா, காத்திருப்பதா?

60 கிலோ 45 நாளில் 260 ஆகிறது என்றால் நாளுக்கு ஏறக்குறைய 3.3 சதவீத வளர்ச்சி. அந்த வீதத்தில் முப்பதாவது நாள் மிதவையில் கிட்டத்தட்ட 160 கிலோ இருக்கும். இன்றே அறுத்தால் விதை போக 100 கிலோ. காத்திருந்து பாதியை இழந்தால் விதை போக 70 கிலோ. அதுவும் நோய் தொட்ட விதை. ஆக, பாதிக்கு மேல் போகும் என்று தோன்றினால் இன்றைக்கே கத்தியை எடுக்கச் சொல்ல வேண்டும். சேதம் இருபது சதவீதத்தோடு நிற்கும் என்றால் காத்திருப்பதே லாபம்: 208-ல் 60 போக 148 கிலோ. இடையில் எங்கே கோடு விழுகிறது? சுமார் 38 சதவீதத்தில். அந்த ஒரு நம்பரைக் கையில் வைத்திருக்கும் ஃபீல்டு ஆபீசர் காற்றில் பேச மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. இளம் பாசியில் கராஜீனன் தரம் முழுதாக வந்திருக்காது. வாங்கும் கம்பெனியிடம் முன்கூட்டியே போன் போட்டு விலை பேசிவிட்டு அறுக்கச் சொல்லுங்கள். அறுத்துவிட்டுப் போன் போட்டால் பேரம் அவர்கள் கையில்.

5. பயோடேட்டாவில் கருவிகளைப் போடுங்கள், பட்டங்களைக் கீழே தள்ளுங்கள்.

இந்த வேலைக்கு உங்களோடு போட்டி போடுவது பி.எஃப்.எஸ்சி. முடித்த ஆட்கள். நாகப்பட்டினத்தைத் தலைமையாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள் தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் படித்துவிட்டு வருகிறார்கள். படகு, வலை, தண்ணீர் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்த ஏரியாவில் அவர்களை ஜெயிக்க முயலாதீர்கள். பொத்தேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் மைக்ரோபயாலஜி, பயோடெக் படித்த உங்களிடம் வேறு சரக்கு இருக்கிறது: பாக்டீரியாவை மீடியாவில் வளர்த்துத் தனியாகப் பிரிப்பது, பி.சி.ஆர். ஓட்டுவது, சாம்பிளை மாசு படாமல் எடுத்து ஐஸ் பெட்டியில் அனுப்புவது. அதையே முதல் வரியாகப் போடுங்கள். 'ஹார்ட் ஒர்க்கிங், டீம் பிளேயர்' எல்லாம் யாருக்கும் வேண்டாம்.

அதோடு சின்ன முதலீடு ஒன்று. தண்ணீரின் உப்பை அளக்கும், கையில் பிடிக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஆன்லைனிலேயே கிடைக்கும், ஒரு சினிமா-டின்னர் செலவை விடக் கொஞ்சம் கூட. வண்டலூர்–கேளம்பாக்கம் ரோடு பிடித்தால் கோவளம் கடல் ஒரு காலைப் பயணம்தான். ஒரு மாதம், வாரம் இரண்டு முறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தண்ணீரின் வெப்பமும் உப்பும் எடுத்து எழுதுங்கள். மழை பெய்த மறுநாள் கட்டாயம் எடுங்கள். இந்த டேட்டா உலகத்துக்குப் பெரிதாக உதவாது. ஆனால் 'நான் சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் செய்பவன்' என்பதற்கு இதைவிட ஒரு சர்டிபிகேட் கிடையாது.

பக்கத்திலேயே தட்ட வேண்டிய கதவுகள்: பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், ராஜா அண்ணாமலைபுரத்தில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையமான சி.ஐ.பி.ஏ., முட்டுக்காட்டில் அதன் பண்ணை. புராஜெக்ட் வேலை, பயிற்சி எதுவானாலும் மெயிலில் மூன்று வரியும் அந்த எக்செல் ஷீட்டும் போதும். கவர் லெட்டரில் 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒரு பக்கம் எழுதாதீர்கள்.

6. கரையில் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதும் இன்டர்வியூதான்.

மண்டபம், பாம்பன் பக்கம் பாசி வேலையின் முதுகெலும்பு பெண்கள். கப்பாஃபைகஸ் வருவதற்கு வெகு காலம் முன்பே அவர்கள் தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறித்து வாழ்ந்தவர்கள். வாடைக் காற்றுக்கு எந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும், கச்சான் காற்றுக்கு எந்தப் பக்கம் அடங்கும் என்பதை உங்கள் ஆப் சொல்வதற்கு முன் சொல்லிவிடுவார்கள். அங்கே போய் 'மேடம், ஐ வில் எக்ஸ்பிளெயின்' என்று தொடங்கினால் முடிந்தது. 'அக்கா, இந்த வெளுப்பு எப்போ ஆரம்பிச்சுது?' என்று கேளுங்கள். எந்த மிதவையில் முதலில், கரைப் பக்கமா ஆழத்துப் பக்கமா, அதற்கு முன் மழையா, காற்று நின்றதா? நாலு கேள்வியில் உங்கள் ரிப்போர்ட்டின் பாதி எழுதி முடிந்துவிடும்.

ஃபார்மல் ஷூ வேண்டாம். அலை வற்றும் நேரத்துக்குப் போங்கள், உங்கள் ஆபீஸ் நேரத்துக்கு அல்ல. சாம்பிள் எடுத்தால் ரிசல்ட்டை அதே அக்காவுக்குத் தமிழில் ஒரு வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள். எடுத்துக்கொண்டு போய் மறந்துவிடுகிற ஆராய்ச்சிக்காரர்களை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். அடுத்த கம்பெனிக்காரர் வரும்போது "அந்த கூடுவாஞ்சேரிப் புள்ளைய கூப்பிடுங்க" என்று அவர்கள் சொன்னால், எந்த லிங்க்ட்இன் சிபாரிசும் அதற்கு ஈடாகாது.

7. வெளிநாட்டு நம்பர் இரண்டு மூன்று நாக்கில் இருக்கட்டும்.

பிலிப்பைன்ஸில் 2011 முதல் 2013 வரை ஐஸ்-ஐஸால் போனது 2,68,000 டன் என்றும், மதிப்பு 31 கோடி டாலருக்கு மேல் என்றும் ஐ.நா. பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட ஒரு கொள்கை அறிக்கை சொன்னது. சான்சிபாரில் விலை அதிகமான 'கோட்டோனி' பாசி செத்துப் போனதால், பெண்கள் விலை குறைந்த 'ஸ்பைனோசம்' பாசிக்கு இறங்கினார்கள். இரண்டாவது கதை மேனேஜர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் டன் குறையாமலே வருமானம் குறையலாம் என்று அது காட்டுகிறது. கொரியாவில் சுஷி சுற்றும் பாசிக்கு வேறு நோய்கள், அங்கே கிருமியின் பெயரே வேறு. அதைப் பற்றிக் கேட்டால் 'கப்பாஃபைகஸ்தான் என் ஏரியா' என்று சொல்லிவிடுங்கள். எல்லாம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வதை விட அதுதான் நம்பிக்கை தரும்.

8. ஒரு கண்ணிவெடி உண்டு, மிதித்துவிடாதீர்கள்.

நம் பாசி எல்லாம் வெட்டி வெட்டிப் பெருக்கிய ஒரே வம்சம். வருடக்கணக்கில் ஒரே செடியின் துண்டுகள். ஒன்றுக்குத் தாங்காதது எல்லாவற்றுக்கும் தாங்காது. அதனால் 'வெளியிலிருந்து புது ரகம் இறக்குமதி செய்வோம்' என்று எந்த மீட்டிங்கிலும் யாராவது சொல்வார்கள். துள்ளிக் குதித்து ஆமாம் போடாதீர்கள். குருசடைத் தீவுப் பக்கம் இந்தப் பாசி பவளத்தின் மேல் பரவியது என்று ஏற்கனவே 2008-லேயே எழுதியிருக்கிறார்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்கும் வனத்துறைக்கும் அது பெரிய விவகாரம். புது ரகத்தோடு புது நோயும் கப்பலேறி வரும். உயிருள்ள கடல்பாசி இறக்குமதிக்கு மத்திய அரசு 2024-ல் வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது இதற்காகத்தான். 'க்வாரன்டீன் யார் செய்வது, எத்தனை நாள், செலவு யார் தலையில்?' என்று கேளுங்கள். மீட்டிங்கில் சரியான கேள்வி கேட்ட ஜூனியரை சீனியர்கள் மறக்க மாட்டார்கள். சிலருக்குப் பிடிக்காமலும் போகும். பரவாயில்லை.

9. நேரம் பார்த்து இறங்குங்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளில்தான் பாசி பல வீட்டுக்கு அடுப்பெரிக்கும் காசு. அதே நாட்களில்தான் தண்ணீரும் அதிகம் சுடுகிறது. வருமானம் மிகவும் தேவைப்படும் நேரமும் நோய் வர வாய்ப்பு அதிகமான நேரமும் ஒன்றாக விழுகிறது. கம்பெனிகளுக்கும் குழுக்களுக்கும் ஆள் தேவைப்படுவது அப்போதுதான். வேலை தேடும் மெயிலை ஜனவரியில், பிப்ரவரியில் அனுப்புங்கள். மே மாதம் அனுப்பினால் அவர்கள் நெருப்பை அணைத்துக்கொண்டிருப்பார்கள், உங்கள் மெயிலைத் திறக்க நேரம் இருக்காது.

வீட்டில் 'பாசி வேலைக்கா எம்.எஸ்சி. படிச்ச?' என்று கேட்பார்கள். மூன்று மாதம் அவகாசம் கேளுங்கள், அந்த எக்செல் ஷீட்டை அப்பாவிடமே காட்டுங்கள். கணக்குப் புரிந்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்த அன்றே தாம்பரம்–ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸையும் விட்டார்கள். கூடுவாஞ்சேரியில் லோக்கல் ஏறித் தாம்பரத்தில் மாறினால், மாலை கிளம்பும் அந்த ரயில் விடிவதற்குள் ராமநாதபுரம் தாண்டிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை ஏறுங்கள். ரிஃப்ராக்டோமீட்டரைப் பையில் போட மறக்காதீர்கள்.